எங்கள் பெயரில் ஓர் ஏரி

2018

பிப்ரவரி 13, செவ்வாய்

கடும் உறைபனி. கோழிகள் நான்கு முட்டை. கொட்டில் குழாய் உறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றித் திறந்தேன்.

தோர்மோத் தபால் நிலையத்திலிருந்து வரும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. தொப்பியைக் கழற்றாமல் மேஜையருகே நின்றார்.

"காடு விலைக்கு வருது."

"எந்தக் காடு?"

"நம்ம காடு."

நம் காடு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பண்ணையாருடைய கறுப்புக் காட்டைச் சொல்கிறார். பள்ளத்தாக்கின் எதிர்மேட்டில், என் சமையலறை ஜன்னலுக்கு நேராக நிற்கிற லார்ச் காடு, குளிரில் இலை உதிர்க்கிற ஊசியிலை மரம். என் மாமனார் பண்ணையின் காட்டு மேற்பார்வையாளராக இருந்தபோது நட்டது. அதற்குள் ஓர் ஏரி உண்டு. இலை உதிர்ந்த காலத்திலும் அடிமரங்களே சுவர் மாதிரி நிற்பதால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. நாற்றுக் கட்டுகளை முதுகில் சுமந்து ஏறியவர்கள் இரண்டு பையன்கள். ஒருவர் என் கணவர். மற்றவர் அவர் தம்பி ரூரி.

குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது விற்பனைத் தாள் வேதாகமத்தின் மேல் கிடந்தது. எடுத்துக் கீழே வைத்தேன். வேதத்தின்மேல் எதையும் வைக்கக்கூடாதென்று அவருக்குத் தெரியாதா?

பிப்ரவரி 15, வியாழன்

என்னையும் கூட்டிக்கொண்டு ஏறினார். ஒன்றரை மணி நேர ஏற்றம். பாதை ரூரியின் நிலத்தின் வழியாகத்தான் போகிறது. பாதையை மறித்து ஒரு பெரிய இரும்புக் கதவு. அதில் புதுச் சங்கிலி. ஆள் ஏறிக் கடக்கப் பக்கத்தில் மரப்படி.

"பூட்டிட்டான் பாத்தியா" என்றார் தோர்மோத். படியேறிக் கடந்தோம்.

ரூரி சற்றுத் தள்ளிக் கல்சுவர் அடுக்கிக்கொண்டிருந்தார். தொப்பியைத் தொட்டார். இவரும் தொட்டார். அவ்வளவுதான்.

பதினெட்டு வருடமாக அவ்வளவுதான். சபை இரண்டாகப் பிளந்தபோது இரண்டு பேரும் மூப்பர்கள். இவர் வெளியேறினார், தம்பி உள்ளே இருந்தார். கர்த்தரின் பந்தியில் பக்கம் பக்கமாக உட்கார்ந்தவர்கள். எந்த உபதேசத்துக்காகப் பிரிந்தோம் என்று என்னைக் கேட்டால் வரிசையாகச் சொல்லுவேன். அதற்காக அண்ணன் தம்பி பேசக்கூடாதென்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஏரி பாதி உறைந்திருந்தது. கரையில் பழைய படகுக் கொட்டில், கவிழ்த்துப் போட்ட படகு. தோர்மோத் கையுறையைக் கழற்றி ஒரு மரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றார். ஜெபிக்கிறாரா என்று பார்த்தேன். இல்லை. சுற்றளவு அளந்துகொண்டிருந்தார்.

பிப்ரவரி 21, புதன்

கணக்குப் பார்த்தோம். சேமிப்பு போதாது. இந்த வீட்டை வங்கிக்கு ஈடு காட்டினால்தான் ஆகும். முதல் வருடமே நெருக்கமாக நிற்கிற மரத்தில் கொஞ்சம் வெட்டி விற்றால் தவணை கட்டிவிடலாம் என்கிறார். தாளில் வருகிறது. தாளில் எல்லாம் வரும்.

"யாருக்காக?" என்று கேட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

"நாப்பது வருஷம் ரம்பத்தைப் பிடிச்சிருக்கேன் மர்டினா. வெட்டினதெல்லாம் அடுத்தவன் மரம். ஒரு மரத்தையாவது, இது என்னுது, வெட்ட மாட்டேன்னு சொல்லணும்."

வீடு போய்விட்டால் அறுபத்து மூன்று வயதில் எங்கே போவோம் என்று மட்டும் கேட்டேன். வேதாகமத்தைக் கையில் எடுத்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச் 2, வெள்ளி

இன்வர்னஸ் போய் வக்கீலைப் பார்த்தோம். பேருந்து, தேநீர், ஒரு ஜோடி காலுறை.

வாங்க விரும்புகிறவர்கள் ஆளுக்கொரு தொகை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, குறித்த நாள் நண்பகலுக்குள் கொடுத்துவிட வேண்டும். மற்றவர் எவ்வளவு எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. பெரிய தொகைக்குக் காடு. ஒன்பதாம் தேதி கடைசி நாள்.

"ஒரு விஷயம் தெரிஞ்சுக்குங்க" என்றார் வக்கீல். "பாதையில உங்களுக்கு இருக்கிறது கால்நடை உரிமை. நடந்து போகலாம், ஆடு ஓட்டிப் போகலாம். லாரி போக உரிமை இல்ல. அதுக்கு நிலத்துக்காரர் சம்மதிக்கணும்."

"லாரி எதுக்கு? ஏரி இருக்குல்ல" என்றார் தோர்மோத். ஏரியின் அக்கரையில் அரசாங்கக் காட்டுச் சாலை வந்து முடிகிறது. யுத்த காலத்தில், இந்தக் காடு நடுவதற்கு முன்பு அங்கே நின்ற பழைய மரத்தை என் மாமனார் தண்ணீரில் மிதக்கவிட்டு அந்தக் கரைக்கு இழுத்தாராம்.

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் என் கைப்பையைப் பார்த்தேன்.

மார்ச் 7, புதன்

கடை வண்டி வந்தது. ஓட்ஸ் மாவு, சர்க்கரைப் பாகு, உப்பு ஹெர்ரிங் மீன். வரிசையில் ரூரியின் மனைவி பெகி எனக்குப் பின்னால். நாங்கள் இருவரும் வண்டியடியில் பேசிக்கொள்வோம். ஆண்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள்.

"என்னக்கா, உங்க வீட்டுலயும் காட்டு ஜுரமா?" என்றாள் தணிந்த குரலில்.

நான் தலையை ஆட்டினேன்.

"எங்க வீட்டுல ரெண்டு நாளா ஒரு தொகை எழுதறதும் கிழிக்கிறதுமா இருக்கு. அடுப்புக்குக் காகிதப் பஞ்சமே இல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒரு எலும்புக்கு ரெண்டு நாய், அக்கா. அதுவும் ஒரே தாய்க்குப் பிறந்த நாய்."

மாவுப் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்தேன். வழி முழுக்க ஒரே யோசனை. இவரிடம் சொல்வதா வேண்டாமா? சொன்னால், தம்பியிடம் போய், வா, சேர்ந்து வாங்கலாம் என்று கேட்பாரா? அவர்கள் அப்பா நட்ட காடு. இருவர் பெயரிலும் இருந்தால் என்ன குறை? கேட்ட விலைக்கே கிடைக்குமே. யார் வீடும் ஈடு வைக்க வேண்டாமே.

மார்ச் 8, வியாழன்

சொன்னேன். காலை ஜெபம் முடிந்ததும், மனம் இளகியிருக்கும் என்று நினைத்து.

"ரூரியும் கேக்கறாராம். போய் ஒரு வார்த்தை பேசுங்களேன். பாதியும் பாதியுமா—"

நெடுநேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். பேசப் போகிறார் என்றே நம்பினேன். எழுந்து ஜன்னலுக்குப் போய்க் காட்டைப் பார்த்தார்.

"அப்ப நான் நினைச்ச தொகை பத்தாது" என்றார்.

கர்த்தாவே, நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்?

மார்ச் 9, வெள்ளி

தொகையை என் கையால் எழுதச் சொன்னார். என் எழுத்து தெளிவு. எண்பத்து நாலாயிரம் என்று இருந்தது தொண்ணூற்று ஏழாயிரம் ஆனது. கடைசியில் ஒற்றையாக ஒரு சில்லறை சேர்ப்பது இங்கே வழக்கம், இரண்டு தொகை ஒன்றாக நின்றுவிடாமலிருக்க. "நூத்தி இருபத்தொண்ணு போடு" என்றார். வீட்டைவிட்டு யார் பயணம் கிளம்பினாலும் மாமனார் வாசிக்கும் சங்கீதத்தின் எண்.

97,121 பவுண்டு.

மார்ச் 12, திங்கள்

கிடைத்துவிட்டது.

சங்கீதம் பாடினோம். அவர் குரல் மேலே போனது. என் குரல் எழவில்லை, சளி என்று சொன்னேன்.

மார்ச் 14, புதன்

விவரம் கேட்கத் தொலைபேசியில் கூப்பிட்டேன். காட்டை விற்றுக்கொடுத்த தரகர் அலுவலகத்துப் பெண் கலகலப்பானவள், வாய் நில்லாதவள்.

"மொத்தமே ரெண்டு உறைதான் வந்துச்சும்மா. வேடிக்கை என்னன்னா, ரெண்டும் நூத்தி இருபத்தொண்ணுல முடியுது. இப்படி நான் பார்த்ததே இல்ல. இன்னொண்ணு உங்களுதைவிட ஒரு ரெண்டாயிரம்தான் கம்மி."

இரண்டு உறை. உலகத்திலேயே இரண்டு பேர்தான் அந்தக் காட்டைக் கேட்டிருக்கிறார்கள். பெகியும் என்னைப் போலவே வீட்டில் சொல்லியிருக்கிறாள். ரூரியும் இவரைப் போலவே ஏற்றியிருக்கிறார்.

இவரிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை. பச்சை உருளைக்கிழங்கைக் கடித்த மாதிரி முகம் போனது. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். பள்ளத்தாக்கைக் கடந்து, ரூரியின் நிலத்துக்குப் போகும் பாதையில் ஏறி, அந்த இரும்புக் கதவு வரைக்கும் போனார். நின்றார். முழங்காலில் விழுந்து கேட்டேன், கர்த்தாவே, ஒரு பத்தடி. இன்னும் ஒரு பத்தடி.

திரும்பி வந்துவிட்டார்.

"சங்கிலி போட்டிருக்கான்" என்றார்.

ஏப்ரல் 20, வெள்ளி

பத்திரம் வந்தது. காடு, அதனுள் அடங்கிய ஏரி, படகுக் கொட்டில், மீன்பிடி உரிமை. எங்கள் பெயரில் ஓர் ஏரி. பெரிய வார்த்தை. கணக்குப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று தெரியவில்லை.

மே 5, சனி

இதையும் எழுதிவைக்க வேண்டும், பிறகு மறந்துபோகும். லார்ச் எல்லாம் துளிர்விட்டு ஒரே பச்சை, தொட்டால் குழந்தை முடி மாதிரி. படகுக்குத் தார் பூசி ஏரியில் இறக்கியிருந்தார். என்னை உட்காரவைத்துத் துடுப்புப் போட்டார். நான் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டேன். எங்கள் இருவருக்குமே நீச்சல் தெரியாது.

"இது யார் தண்ணி?" என்றார்.

"கர்த்தருடையது."

"சரி. அவருக்கு அடுத்தபடி?"

"வங்கியுடையது" என்றேன்.

சிரித்தார். கல்யாணமான புதிதில்தான் அப்படிச் சிரித்துப் பார்த்திருக்கிறேன். நடு ஏரியில் ஓட்ஸ் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றோம். கரையில் ஒரு மான் வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஜூன் 21, வியாழன்

காலையில் காட்டின்மேல் ஹெலிகாப்டர். திரும்பத் திரும்பச் சுற்றியது. கோழிகள் ஒளிந்துகொண்டன. வன இலாகாவின் வழக்கமான சோதனை என்கிறார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேற்கு மூலையில் சில மரங்களின் உச்சி பழுப்பாக இருந்தது. போன வாரம் வெயில் அதிகம். வெயிலாகத்தான் இருக்கும்.

ஜூலை 24, செவ்வாய்

வெயில் இல்லை.

லார்ச்சுக்கு வருகிற கொள்ளைநோயாம். மழையிலும் மூடுபனியிலும் பரவுமாம். மருந்து கிடையாது. இரண்டு அதிகாரிகள் வந்தார்கள், எங்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழுவிக்கொண்டார்கள். நல்ல பையன்கள்தான். தாளை நீட்டும்போது ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். நோய் கண்ட மரம், அதைச் சுற்றி நிற்கிற மரம் எல்லாவற்றையும் அடுத்த வசந்தத்துக்குள் வெட்டியாக வேண்டும். உரிமையாளர் செலவு. அப்படிப் பார்த்தால் முக்கால் காடு போகிறது.

"நான் வெட்ட மாட்டேன்னா?" என்றார் தோர்மோத்.

"அரசாங்கம் வந்து வெட்டும் ஐயா. செலவை உங்ககிட்ட வாங்கும்."

அவர்கள் போன பிறகு கொட்டிலில் ரம்பத்தைத் தீட்டும் சத்தம் கேட்டது. யாருக்கும் வெட்ட மாட்டேன் என்று வாங்கிய மரம்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

பெரிய இயந்திரம் வைத்திருக்கும் ஒப்பந்தக்காரர் வந்து பார்த்தார். வெட்டுகிறேன், மரத்தையும் நானே விற்றுத் தருகிறேன், உங்களுக்குக் கையில் கொஞ்சம் நிற்கும் என்றார். ஆனால் பாதை வேண்டும். இயந்திரமும் லாரியும் ரூரியின் நிலத்தின் வழியாகத்தான் போக முடியும்.

"உங்க தம்பிதானே? ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க. வர்ற வாரமே இறங்கிடலாம்."

"பார்க்கலாம்" என்றார் இவர்.

பார்க்கலாம் என்றால் மாட்டேன். எனக்குத் தெரியும். ஒப்பந்தக்காரருக்குத் தெரியாது, நான் சுட்ட ஸ்கோன் ரொட்டியைச் சந்தோஷமாகத் தின்றுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

வாய் மிஞ்சிப் பேசிவிட்டேன். வங்கித் தவணை இரண்டு நிற்கிறது. கடிதம் வந்ததும் தாங்கவில்லை.

"ஒரு வார்த்தைங்க. ஒரே வார்த்தை. இந்த வீட்டைவிடப் பெருசா அது?"

"அவன் நிலத்துல நின்னு நான் கையேந்தணும். அதானே உனக்கு வேணும்?"

"கையேந்தறது எங்க வந்துச்சு? அவரு உங்க தம்பி."

"சபையை விட்டுக் கொடுத்தவன்."

"அவரும் உங்களை அதையேதான் சொல்றாரு."

நாற்பது வருடத்தில் முதல் தடவை சாப்பிடாமல் எழுந்து போனார். மீன் வீணாகவில்லை, பூனைக்குப் போட்டேன்.

மனைவி அடங்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பவுலடியார் எழுதியதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, பதினைந்து வயதில் பள்ளியை விட்ட பிறகு உரைநூல்களைத் தனியாக உட்கார்ந்து படித்தவள் நான். அடங்கித்தான் இருந்தேன். அடங்கியிருந்து என் கையாலேயே அந்தத் தொகையையும் எழுதினேன்.

செப்டம்பர் 5, புதன்

வண்டியடியில் காத்திருந்து பெகியைப் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"பாதை விடுவாரா?"

"அக்கா, நான் கேட்டுட்டேன்" என்றாள். "ஹெலிகாப்டர் வந்தப்பவே கேட்டுட்டேன். 'அண்ணன் வந்து கேக்கட்டும், வேண்டாம்னா சொல்லப்போறேன்'ங்கறாரு. ராத்திரி அந்தக் காட்டுக்காக ஜெபம் பண்றாரு, பேரைச் சொல்லி. அதை வந்து அண்ணன்கிட்ட சொல்ல மாட்டாரு. கழுதைங்க."

"நான் கேட்டா?"

பெகி யோசித்தாள். "உங்களுக்கு விடுவாரு. ஆனா பொம்பளையை அனுப்பினான்னு அது ஒண்ணு ஆயிடும். உங்க வீட்டுலயும் சும்மா இருப்பாங்களா?"

இருக்க மாட்டார்.

செப்டம்பர் 6, வியாழன்

"வந்து கேட்டா விடுறேன்னு சொல்றாராம்" என்றேன்.

"வந்து கேட்டா" என்று திருப்பிச் சொன்னார். அதிலிருந்த 'வந்து' மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

அக்டோபர் 3, புதன்

ஒண்டியாக வெட்டுகிறார். இருட்டோடு ஏறி இருட்டோடு இறங்குகிறார். வெட்டிய மரத்தைக் கிளை சீவி, உருட்டித் தண்ணீரில் தள்ளி, பத்துப் பதினைந்தாகச் சங்கிலியில் கோத்துத் தெப்பமாக்கி, படகில் கட்டி அக்கரைக்கு இழுக்கிறார். அங்கே லாரி வந்து எடுத்துக்கொள்கிறது. படகுக்குப் பழைய மோட்டார் ஒன்று வாங்கியிருக்கிறார்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன். பச்சை லார்ச் கனமான மரம். தண்ணீரில் முக்கால் பங்கு மூழ்கித்தான் மிதக்கிறது. பின்னால் ஏதோ பெரிய மிருகம் படகைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது.

அக்டோபர் 22, திங்கள்

நேற்று ஓய்வுநாளில் பிரசங்கத்தின் நடுவே தூங்கிவிட்டார். மூப்பர்கள் பெஞ்சில் உட்கார்ந்து. இதுவரை நடந்ததில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 17, சனி

மழை, காற்று. இதுதான் இந்த வாரத்தின் கடைசித் தெப்பம், ஓய்வுநாளுக்குள் அக்கரை சேர்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். இன்றைக்கு வேண்டாம் என்றேன். "திங்கக்கிழமை காலையில லாரி வருது. நாளைக்குத் தொட முடியாதுல்ல" என்றார்.

ஓய்வுநாளில் வீட்டு வேலை கூடாது, நாளைக்கு வேண்டியது எல்லாம் இன்றே செய்தாகிவிட்டது. இரண்டு பேருக்கு உருளைக்கிழங்கு உரித்துத் தண்ணீரில் போட்டேன். பார்லி சூப். இரண்டு ஜோடி காலணி துடைத்து வைத்தேன்.

மணி நாலரை. இருட்டிவிட்டது.

நவம்பர் 18, ஞாயிறு

இன்று ஓய்வுநாள். நான் ஓய்வுநாளில் பேனா தொட்டதில்லை. தொடுகிறேன். வேற என்ன செய்ய.

அவர் வரவில்லை.

படகு கவிழ்ந்து கிடக்கிறது என்று விடிந்ததும் சொன்னார்கள். தெப்பம் அதோடு கட்டியபடியே நிற்கிறதாம், பாதி மூழ்கி. சங்கிலி விறைப்பாக இருக்கிறதாம்.

இரண்டு சபை ஆண்களும் ஆராதனைக்குப் போகாமல் மலைக்குப் போயிருக்கிறார்கள். இரக்கத்தின் வேலைக்கு ஓய்வுநாளிலும் அனுமதி உண்டு. உயிரோடு இருக்கிற மனுஷனுக்கும் அது உண்டுதானே. அதை ஏன் யாரும் நேத்தைக்கு நினைக்கல. நான் ஏன் நினைக்கல.

ரூரி வாசலில் வந்து நின்றார். தொப்பி கையில். தலை முழுக்க நனைந்திருந்தது.

"அண்ணி" என்றார்.

பதினெட்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"தேடறதுக்கு உங்க படகைக் கொண்டுபோகணும்ல?" என்று நான்தான் கேட்டேன். "கதவு பூட்டியிருக்குமே."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பூட்டா? பூட்டு என்னைக்கும் இல்லையே அண்ணி. ஆடு தள்ளாம இருக்கச் சங்கிலியைச் சும்மா கொக்கியில மாட்டியிருக்கேன். ஒரு விரலால எடுக்கலாம்."

பெகி என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். டிராக்டர் படகை இழுத்துக்கொண்டு அந்தக் கதவு வழியாக நேராக ஏறிப் போனது.

உருளைக்கிழங்கு தண்ணியிலேயே இருக்கு.

நவம்பர் 20, செவ்வாய்

கண்டுபிடித்துவிட்டார்கள். ரூரிதான். படகுக் கொட்டிலுக்குப் பக்கத்தில், கரையிலிருந்து தூரமில்லை. காலில் சங்கிலி.

ரூரி யாரையும் தொடவிடவில்லையாம். தானே இடுப்பளவு இறங்கித் தூக்கினாராம்.

நவம்பர் 21, புதன்

அடக்கத்துக்கு எட்டுக் கயிறு. பெட்டியைக் குழியில் இறக்குகிறபோது யார் எந்தக் கயிற்றைப் பிடிப்பது என்று நான்தான் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். தலைமாட்டுக் கயிறு மகனுக்கு. மகன் இல்லாவிட்டால் நெருங்கிய ரத்தத்துக்கு.

எங்கள் சபையின் மூத்த மூப்பர் வந்தார். உட்கார்ந்து ஜெபித்துவிட்டுச் சொன்னார்: "தலைக்கயிறை நம்ம சபையில ஒருத்தருக்குக் கொடுக்கறது முறையா இருக்கும்னு பார்க்கறோம் அம்மா. சபை பிரிஞ்சப்ப தோர்மோத் சாட்சியா நின்னது நமக்காகத்தானே. தப்பா எடுத்துக்கக்கூடாது."

"தப்பா எடுத்துக்கல" என்றேன். அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் எதிரிலேயே சீட்டை எடுத்தேன். தலைக்கயிற்றுக்கான முதல் எண் போட்டேன். ரூரியின் பெயரை முழுசாக எழுதினேன். என் எழுத்து தெளிவு.

மூப்பர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். நல்ல மனிதர்தான்.

நவம்பர் 23, வெள்ளி

பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். பெகியும் நானும் வாசலில் நின்று, வளைவில் மறையும் வரைக்கும் பார்த்தோம்.

இறக்கி முடிந்ததும் கயிற்றைக் குழிக்குள் விட்டுவிட வேண்டும். ஏழு பேர் விட்டார்களாம். ரூரி விடவில்லை. அடக்கம் நடத்துகிறவர் அவர் கையைத் தொட்ட பிறகுதான் விட்டாராம். பெகி சொன்னாள்.

டிசம்பர் 31, திங்கள்

கணக்கு முடித்தேன். வரவு எழுத ஒன்றுமில்லை.

2019

பிப்ரவரி 12, செவ்வாய்

அதிகாரிகள் மறுபடியும் கடிதம் போட்டிருக்கிறார்கள். இரங்கல் ஒரு பத்தி. மிச்ச மரத்தைப் பற்றி இரண்டு பத்தி. காட்டை விற்றுவிடலாமா என்று வக்கீலைக் கேட்டேன். நோய்க் காட்டை யார் வாங்குவார், வேண்டுமானால் உறை முறையில் போட்டுப் பார்க்கலாம் என்றார். உறை வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கிற மாதிரி ஏறிவிட்டது.

கோட்டைப் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்கைக் கடந்து போனேன். கதவுக்குப் பக்கத்துப் படியில் ஏறவில்லை. கொக்கியிலிருந்து சங்கிலியை எடுத்தேன். ஒரு விரலுக்குக்கூட வேலையில்லை. தானே விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றேன். இரும்பு அப்படிச் சில்லென்று இருந்தது.

ரூரி சமையலறையில் மேஜையில் இருந்தார். பெகி நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"பாதை வேணும்" என்றேன். "கேக்கத்தான் வந்தேன்."

அவ்வளவுதான். அவ்வளவுதான் அந்த வார்த்தை.

"அண்ணி, நீங்க கேக்கணுமா" என்றார் ரூரி.

"கேக்கணும். யாராவது ஒருத்தர் கேக்கணும்ல."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். பெகி அடுப்புப் பக்கம் திரும்பிக் கெண்டியை வைத்தாள். கெண்டி ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

கிளம்பும்போது கேட்டார், "அண்ணனும் நூத்தி இருபத்தொண்ணுதான் போட்டாரா?"

"ஆமா."

"நான் போட்டப்பவே நினைச்சேன்" என்றார். "அவரும் இதையேதான் போடுவாருன்னு."

நினைத்தார். நினைத்துவிட்டு உறையை ஒட்டினார். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

ஏப்ரல் 8, திங்கள்

இயந்திரம் ஏறியது. தோர்மோத் ஓர் இலையுதிர்காலம் முழுக்க வெட்டியதை அது இரண்டு நாளில் வெட்டுகிறது. லாரிகள் ரூரியின் நிலத்தின் வழியாக இறங்குகின்றன. அவர் கதவைக் கீல்களிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டார்.

ஏப்ரல் 29, திங்கள்

மரம் விற்ற பணம் வந்தது. வங்கிக்கு நின்ற தவணைகள் போயின. வீடு நிற்கும்.

மே 14, செவ்வாய்

முட்டை ஐந்து. உருளைக்கிழங்கு நட்டு முடிந்தது. கடைசி லாரி நேற்றுப் போனது.

காலையில் பாத்திரம் கழுவ நின்றேன். எதிர்மேட்டில் என் ஜன்னல் பக்கம் முழுக்க மொட்டையாக, அடிக்கட்டைகளும் சேறுமாக இருந்தது. அதற்கு நடுவே, இத்தனை வருடம் நான் நின்ற இதே இடத்திலிருந்து, ஒரு விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. மேகம் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. ஏரி. மறைக்க இனி மரம் இல்லை.

சாயங்காலம் பெகியும் ரூரியும் வந்தார்கள். ரூரி இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. பெகி ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஒரு திரை தச்சுத் தரட்டுமா அக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ரூரி ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். தோர்மோத்தின் நாற்காலியில் உட்காரவில்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டிய நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மழை வரும் போலிருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். அவர் தலைக்கு மேலாகத் தெரிந்துகொண்டேயிருந்தது. பார்த்துக்கொண்டே தேநீர் ஊற்றினேன்.